கலர் வராத ஜப்பான் தட்டு

1. தோசைக்கல் அகல டிஸ்க்

"இது மட்டும் இன்னிக்கு ஓடலன்னா நீ வேலூர் பஸ் ஏற முடியாது சாமுவேல்" என்று ரஹ்மான் பாய் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்த காலம் அது.

எண்பதுகளின் நடுப்பகுதி. வேலூரில் ஒரு டிவி கடையில் நான் சர்வீஸ் மெக்கானிக். ரஹ்மான் பாய் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு மேனேஜர். ஜப்பானிலிருந்து ஷூ வாங்கும் ஒரு பையர், புது வகைத் தையலைக் கற்றுக்கொடுக்க வீடியோ டிஸ்க் பிளேயர் ஒன்றையும் ஒரு டிஸ்க்கையும் அனுப்பியிருந்தார். டிஸ்க் தோசைக்கல் அகலம் இருக்கும். அதைப் பார்த்துத் தைத்த சாம்பிளை அன்று மாலை பையரே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்தால் பெண்களுக்கென்று புது ஸ்டிச்சிங் லைன் திறப்பார்கள். பிடிக்காவிட்டால் ட்ரையலுக்கு வந்த பெண்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அந்தப் பெண்களில் என் மனைவி மேரியும் ஒருத்தி. வேலூர் பாகாயத்தில் என் அண்ணன் வீட்டு முன்னறையில், குறுக்கே பழைய போர்வையைக் கட்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம். அவளுக்கு வேலை கிடைத்தால் ஆம்பூரிலேயே தனி வீடு பார்ப்பதாகத் திட்டம். தனி வீடு என்று சொல்லிப் பார்த்தாலே இருவருக்கும் கிறுகிறுத்தது.

2. மாடிக்குப் போன ஹார்ன்

ஜப்பான் பெட்டிக்கு நூறு வோல்ட் போதும். நம் லைனில் நேராகச் சொருகினால் புகைதான் வரும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் கொண்டுபோயிருந்தேன். வீடியோ அவுட்டிலிருந்து, கம்பெனி கேன்டீனிலிருந்து தையல் ஹாலுக்குத் தூக்கிவந்த டிவிக்கு வயர் கொடுத்தேன். படம் வந்தது, ஆனால் நிற்காமல் மேலே மேலே ஓடியது. வெர்டிகல் ஹோல்டைத் திருகி அதை நிறுத்தினேன். பெண்கள் கை தட்டினார்கள். மேரி மட்டும் தட்டவில்லை. புருஷனுக்குக் கை தட்ட வெட்கம்.

சத்தம்தான் இல்லை. கிரிக்கெட் கமென்டரிக்கு அலறவிட்டு அலறவிட்டு அந்த டிவியின் ஸ்பீக்கர் எப்போதோ கிழிந்துபோயிருந்தது. ரஹ்மான் பாய் உடனே மைக்செட் முனுசாமிக்கு ஆள் அனுப்பினார். கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். ஆம்ப்ளிஃபயரை ஹாலில் வைத்தார். ஹார்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக மாடி ஏறிவிட்டார்.

"யோவ், ஹார்னை உள்ள வைய்யா!" என்று பாய் கத்தினார்.

"உள்ள வெச்சா ஊருக்கு எப்டி சார் கேக்கும்?"

"ஊருக்கு எதுக்குய்யா கேக்கணும்?"

"பின்ன மைக்செட்டு எதுக்கு சார்?"

பாய் மாடிப்படிக்கு ஓடினார். அதற்குள் ஹார்னைத் தெருப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டார்.

பிளேயரின் பின்னால் ஆடியோ அவுட் இரண்டு, வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. முனுசாமியின் ஆம்ப்ளிஃபயரில் இருந்ததோ ஒரே இன்புட். இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாகக் கொடுத்துவிட்டார். டிஸ்க் சுழன்றது. ஒரு ஆண் இங்கிலீஷிலும் ஒரு பெண் ஜப்பான் பாஷையிலும் ஒரே நேரத்தில் ஆம்பூர் முழுக்கப் பேச ஆரம்பித்தார்கள்.

"இன்னாடி இது, புருஷன் பொண்டாட்டி சண்டையா?" என்று ஒருத்தி கேட்டாள். அவ்வளவுதான், ஹாலே குலுங்கியது. கேட்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. சைக்கிளை நிறுத்திய ஒருவர், "இன்னாபா, எலெக்ஷனா?" என்று வாட்ச்மேனைக் கேட்டாராம். மேரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மெஷின் மேல் கவிழ்ந்து கிடந்தாள்.

விஷயம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. டிஸ்க்கில் ஒரு சேனலுக்கு ஒரு பாஷை வைத்திருக்கிறார்கள். சிவப்பைப் பிடுங்கினேன். இங்கிலீஷ்காரர் போய்விட்டார், ஜப்பான் அம்மா தனியாக முழங்கினார். "ஆளை மாத்துப்பா!" என்று பாய் தலையில் கை வைத்தார். சிவப்பைச் சொருகி வெள்ளையைப் பிடுங்கியதும் இங்கிலீஷ் தெளிவாக வந்தது. முனுசாமியைக் கெஞ்சி ஹார்னை மாடிப்படிப் பக்கம் திருப்பவைத்தோம். அவருக்கு மனசே இல்லை.

3. நூல் என்ன நிறம்?

இங்கிலீஷ்காரர் சொல்லச் சொல்ல ரஹ்மான் பாய் தமிழில் சொன்னார். பெண்கள் குறித்துக்கொண்டார்கள். திடீரென்று பாய் டிவி அருகே போய்க் குனிந்தார்.

"சாமுவேல், கலர் எங்கப்பா?"

அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஜப்பான் கலர் முறை வேறு, நம் டிவி கலர் முறை வேறு. நடுவில் மாற்றிக்கொடுக்கத் தனி சர்க்கியூட் வேண்டும். எத்தனை திருகினாலும் கறுப்பு வெள்ளைதான். சொன்னேன்.

"படத்துல எப்டி இருக்கோ அப்டியே வரணும்னு பையர் எழுதியிருக்கார். நூல் கலர் தெரியாம எப்டி தைக்கிறது? மேல் நூலு வெளுப்பா தெரியுது, அடி நூலு கறுப்பா தெரியுது. இன்னா கலர்னு யார் கண்டா? உன்ன நம்பினேன் பாரு!"

என் சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது. தனி வீடு கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. பாவி, இன்னொரு டிவியாவது கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். கொண்டுவந்திருந்தாலும் அதே கறுப்பு வெள்ளைதான்.

மேரி எழுந்து நின்றாள். "சார், தோலு கறுப்பு. ரெண்டு நூலும் கறுப்பே போட்டுடலாம் சார். வேற இன்னா பண்றது?"

பாய் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை. "போடும்மா. அல்லா விட்ட வழி" என்றார்.

4. பையரின் பை

மாலையில் பையர் வந்தார். சின்ன உருவம், பெரிய பை. மேரி தைத்த அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, எடுத்து வளைத்தார், இழுத்தார், நகத்தால் தையலைக் கீறினார். நான் டிவிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பையைத் திறந்து, இன்னொரு ஊர் கம்பெனி அதே டிஸ்க்கைப் பார்த்துத் தைத்த சாம்பிளை மேஜைமேல் வைத்தார். கறுப்புத் தோலில் மேல் நூல் மஞ்சள், அடி நூல் சிவப்பு. திருவிழாவுக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது அந்த ஷூ.

பையர் இங்கிலீஷில் சொன்னதைக் கேட்ட ரஹ்மான் பாய் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். எந்த நூல் எங்கே போகிறது என்று காட்டத்தான் படத்தில் அந்த இரண்டு கலர். நிஜ ஷூவில் நூல் தோலின் நிறத்திலேயே இருக்கவேண்டுமாம். அந்தக் கம்பெனியில் கலர் அற்புதமாக வந்திருக்கிறது. அப்படியே தைத்துவிட்டார்கள்.

"உங்க டிவி ரொம்ப நல்ல டிவின்னு சொல்றார்பா" என்றார் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

லைன் திறப்பதென்று அங்கேயே முடிவானது. மேரியின் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவள் என் கையைக் கிள்ளி, "கலர் மட்டும் வந்திருந்தா நாம இன்னும் போர்வைக்குப் பின்னாலதாங்க" என்றாள். நடுரோட்டில் நின்று இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு அன்று நான் கற்றதைச் சொல்கிறேன். படத்தைக் கொண்டுவருவது பாதி வேலைதான். அதற்குப் பிறகு நான் எந்த வீட்டில் பிளேயர் மாட்டப் போனாலும், பெட்டியைத் திறக்குமுன் ஒன்று கேட்டுவிடுவேன்: "இதுல நீங்க இன்னா பாக்கப் போறீங்க?"