மாடு முட்டியதென்று சொன்ன காயம்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசவும் கூச்சம். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

இடது தோளுக்குப் பின்னால், கழுத்து வந்து இறங்கும் இடத்தில், எனக்கு ஒரு கட்டி இருந்தது. புளியங்கொட்டை அளவு. மாரியில் குத்தும். வயலில் குனிந்து நிற்கும்போது சில வேளை யாரோ பின்னால் நின்று தாடையை என் தோளில் ஊன்றியிருப்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். இதை நான் எவருக்கும் சொன்னதில்லை.

கட்டியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மாடு முட்டியது என்று சொல்லுவேன். சண்டை முடிந்து முகாமை விட்டு வெளியே வந்த காலத்தில் உடம்பில் தழும்பு கண்டால் எங்கே, எப்போது, எப்படி என்று ஆமிக்காரரிடமிருந்து கேள்வி வரும். அதனால் எங்கள் பக்கத்தில் நிறையப் பேரை மாடு முட்டியிருந்தது. நிறையப் பேர் பனையால் விழுந்திருந்தார்கள். கேள்வி கேட்டவர்கள் போன பிறகும் அந்தப் பதில் என் வாயை விட்டுப் போகவில்லை.

மனைவிக்கு வேறு ஒரு பொய் சொல்லியிருந்தேன். சண்டையின் கடைசி நாட்களில், கடற்கரைப் பக்கம், அவள் மகளோடு முன்னால் ஓடினாள். எட்டு வயது மகன் என்னோடு வந்தான். பின்னால் செல் குண்டு ஒன்று விழுந்தது. நான் கண் விழித்தபோது முதுகில் கட்டுப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். அவளும் மகளும் தப்பியிருந்தார்கள். மகனைக் காணவில்லை. “கையைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தனான், சனத்துக்க விட்டிட்டன்” என்று அவளுக்குச் சொன்னேன். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். அதைச் சொன்னால் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பாள். அந்தக் கேள்வியை நான் எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்ததில்லை.

மகன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று பதினைந்து வருடமாக அவள் நம்பினாள். மாதத்தில் ஒரு நாள் அவனுடைய படத்தை எடுத்துக்கொண்டு போய், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு வீதியோரக் கொட்டகையில் போராடுகிற மற்றத் தாய்மாரோடு இருந்துவிட்டு வருவாள். நான் பஸ் வரை கொண்டுபோய் விடுவேன். கொட்டகைக்குப் போனதில்லை.

இந்த வருடம் கட்டி சிவந்து வீங்கிச் சீழ் வைத்தது. நெடுங்கேணியில் பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெட்டி எடுக்க வேண்டும் என்று சத்திரசிகிச்சை வாட்டில் தங்க மறித்துவிட்டார்கள். அங்கே பல் வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர் வந்து நின்றார்கள். பல் வைத்தியர் ஆவதற்கும் மற்றச் சத்திரசிகிச்சைகளைக் கொஞ்சம் படிக்க வேண்டுமாம். பெரிய டொக்டர் அவர்களைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிக்கொண்டு போவார். பாடம் இங்கிலீஷில் நடக்கும். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பகிடியும் ஏச்சும் தமிழில் விழும்.

“பல்லுப் பிடுங்கப் போற எங்களுக்கு ஏன் சேர் குடலிறக்கம்?” என்று ஒரு பெடியன் கேட்டான்.

“பல்லு மட்டும் தனிய நடந்து உம்மட்ட வருமோ? அதோட ஒரு ஆளும் வருவார். அந்த ஆளைப் படியும்” என்றார் டொக்டர்.

கண்ணாடி போட்ட ஒரு பெண்பிள்ளைக்கு என் கட்டில் கிடைத்தது. நோய் எப்படி வந்தது என்று நோயாளியிடம் கேட்டு எழுதுவதுதான் அவர்களுக்கு முதல் வேலை. அந்தப் பிள்ளை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

“என்னெண்டு ஐயா இது வந்தது?”

“மாடு முட்டினது, பிள்ளை.”

“உங்கட வீட்டு மாடோ?”

“ஓம்.”

“பொல்லாத மாடு போல” என்று சிரித்துவிட்டு எல்லாவற்றையும் எழுதியது.

அடுத்த நாள் காலை அதை எல்லோருக்கும் முன்னால் வாசித்தது. டொக்டர் என் எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“கொம்புக்கு லாடம் அடிச்ச மாடோ, பிள்ளை? உள்ளுக்க துண்டொண்டு கிடக்குது. செல் துண்டு.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆளின்ர கதையைக் கேக்கத் தெரியாட்டி கத்தியைத் தொடாதேயும்.”

பிள்ளையின் காது இரண்டும் சிவந்துவிட்டன. பொய் சொன்னது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டில் விரிப்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. மற்றவர்கள் போன பிறகும் அந்தப் பிள்ளை எக்ஸ்ரேயை எடுத்து நெடுநேரம் பார்த்தது.

இரண்டு நாள் கழித்து வெட்டினார்கள். விறைக்கிற ஊசி போட்டுக் குப்புறப் படுக்க வைத்தார்கள். “இழுக்கிறது தெரியும் ஐயா, நோகாது” என்றார் டொக்டர். ஆறு பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். அவர் கேள்வி கேட்பார், கண்ணாடிப் பிள்ளை பதில் சொல்லும், அவர் திருத்துவார். அது எந்தப் பதில் சொன்னாலும் திருத்தினார். பிறகு தட்டத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம்.

“கழுவிப் பாரும்” என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னார்.

தண்ணீர் ஓடியது.

“சேர், இது இரும்பில்லை. பல்லு.”

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள்.

“ஐயாவின்ர பல்லோ?”

“இல்லை சேர். பெரிய ஆளின்ர இல்லை. மேல் முன்பல்லு. வேர் நுனி இன்னும் மூடேல்லை. எட்டு, ஒன்பது வயசுதான் இருக்கும்...”

பரீட்சையில் பதில் சொல்லுவதுபோல வேகமாகத் தொடங்கியது. கடைசிச் சொல்லுக்கு வரும்போது, தான் என்ன சொல்லுகிறோம் என்று அதற்கு விளங்கியிருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. முதல் தடவையாக டொக்டர் அதைத் திருத்தவில்லை.

பிள்ளை வந்து என் முகத்துக்கு நேரே நிலத்தில் குந்தியது.

“ஐயா, அண்டைக்கு உங்களுக்குப் பக்கத்தில ஆர் நிண்டது?”

“பக்கத்தில இல்லை” என்றேன். “முதுகில இருந்தவன். என்ர மகன்.”

டொக்டர் தானே தையல் போட்டு முடித்தார்.

பின்னேரம் டொக்டர் தனியாக என் கட்டிலுக்கு வந்தார். பல்லைப் போத்தலில் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். யாருடையது என்று சோதிக்க வழி இருக்கிறது, கோர்ட் மூலம் போக வேண்டும், இரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். “அவசரமில்லை. வீட்டில கதையுங்கோ.”

வீட்டுக்கு வந்து மூன்று நாள் இதைப் பற்றிக் கதைக்கவில்லை. நாலாம் நாள், குசினி வாசலில் வைத்து மனைவி என் காயத்துக்கு மருந்து மாற்றும்போது, “என்ன துண்டு எடுத்தவை?” என்று கேட்டாள். அவள் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. அதனால் சொல்ல முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

“கையைப் பிடிச்சிருந்தனெண்டு சொன்னீங்கள்.”

“முதுகில வைச்சிருந்தனான்.”

அவள் பிளாஸ்டரை ஒட்டி முடித்தாள். அடுப்பில் சோறு கொதித்துச் சரிந்தது. அவள் எழும்பிப் போகவில்லை.

“மேல் பல்லோ, கீழ்ப் பல்லோ?”

“மேல். முன்பல்லு.”

“மூலை உடைஞ்சிருக்கோ?”

“நான் பாக்கேல்லை.”

“சைக்கிள் கரியரால விழுந்து உடைச்சவன். முளைச்சு ரெண்டு மாசமும் இல்லை. நீங்கள் அடிப்பியள் எண்டு நானும் அவனும் உங்களுக்குச் சொல்லேல்லை. உங்களைக் கண்டால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பான். கவனிக்கேல்லையோ?”

நான் கவனித்திருக்கவில்லை.

“நாளைக்குப் போவம்” என்றாள். “நான் பாக்கோணும்.”

முதல் பஸ்ஸில் போனோம். டொக்டர் தன் அறையில் அவளுக்குக் கதிரை போட்டு இருக்கச் சொன்னார். கண்ணாடிப் பிள்ளையையும் கூப்பிட்டார். பிள்ளை வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, போத்தலில் இருந்ததை எடுத்து அதில் வைத்தது. மனைவி தொடவில்லை. தலையைச் சரித்து ஒரு பக்கம் பார்த்தாள், பிறகு மற்றப் பக்கம். கீழ் மூலையில் ஒரு துளி இல்லை.

“ஓம்” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பிள்ளையிடம் கேட்டாள். “அவனுக்கு நொந்திருக்குமோ, பிள்ளை?”

பிள்ளை டொக்டரைப் பார்த்தது. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லை அம்மா” என்றது. “தம்பிக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது.”

என் மனைவி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

பிறகு இருவரும் இரத்தம் கொடுத்தோம். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. நேற்று அவள் கொட்டகைக்குப் போகும் நாள். காலையில் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பையில் வைத்தாள். இனி ஏன் போகிறாய் என்று கேட்டேன்.

“மற்றவையின்ர பிள்ளையள் வரேல்லைத்தானே” என்றாள். வாசல்வரை போய் நின்று, “நீங்களும் வாறதெண்டால் வாங்கோ” என்றாள்.

நான் சேர்ட்டை மாற்றிக்கொண்டு போனேன். ஆண்கள் நான் ஒருவன்தான். எல்லோரும் பார்த்தார்கள். அவள் தள்ளியிருந்து எனக்கு இடம் விட்டாள். பின்னேரம் வரை பக்கத்தில் இருந்தேன். வீட்டுக்கு வந்து, எல்லாத்தையும் எழுதித் தாங்கோ, நானும் மற்றவையும் வாசிக்கவேணும் என்று அவள் கேட்டாள். இன்று எழுதி முடித்தேன்.

வியாழக்கிழமை, புரட்டாதி மாதம் 12ஆம் திகதி.