பயித்தங்காய் முற்றிய வாரம்

எங்கள் மகள் காய்ச்சலில் இறந்தபோது, ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்குப் பின்னால் எங்கள் தோட்டம் காய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. தோட்டம் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். சாக்கடைக்கும் வேலிக்கும் நடுவே என் மனைவி கொத்திய நாலு பாத்தி. வெண்டை, கத்தரி, மூங்கில் பந்தலில் பயித்தங்காய். கிடங்கு வேலைக்கு இருட்டோடு போய் இருட்டோடு திரும்பும் எனக்கு, அங்கே என்ன விளைகிறது என்பது சோற்றுத் தட்டில்தான் தெரியும்.

பிள்ளையை அடக்கம் செய்து வந்த அன்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கொண்டுவந்து வைத்த கஞ்சி ஆடை படிந்து கிடந்தது. தண்ணீர் மட்டும் குடித்தாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர, பயம் வரவில்லை. கிடங்கில் எங்களை வேலை வாங்கும் தண்டல் சில நாள் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார். வரச் சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

ஒரு காலையில் செய்ய ஒன்றுமில்லாமல் பின்பக்கம் போனேன். பயித்தங்காய்கள் உப்பி, வெளுத்துத் தொங்கின. வெண்டை கட்டையாக நின்றது. பறித்தேன். பறிக்கத் தெரியாது. பயித்தங்காயை இழுத்தால் பூக்காம்போடு வந்தது. அந்தக் காம்பில்தான் அடுத்த காய் பிடிக்கும் என்று அப்போது அறியேன். வெண்டைச் சுணை பட்டுக் கை அரித்தது. அரிப்பது தெரிந்தது, சொறியத் தோன்றவில்லை.

கூடை நிறைந்த பிறகுதான் இதை என்ன செய்வது என்று நினைத்தேன். மனைவி என்றால் வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்துவிட்டு, கதையும் பேசிவிட்டு வருவாள். நான் பேசுகிறவன் இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். அந்த வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. தீட்டு வீட்டுக் காய். அதுவும் காய்ச்சல் வந்த வீடு. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

இதை நானே யோசித்திருக்க வேண்டும். அவர் இடத்தில் இருந்தால் நானும் வாங்கியிருக்கமாட்டேன். கூடையை எங்கள் வாசலுக்கே தூக்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மா கடைக்குப் போகிற வழியில் நின்று, ஒரு காயை எடுத்து ஒடித்துப் பார்த்தார்.

"சாயாங் லா," என்றார். வீணாய்ப் போகிறதே என்று அர்த்தம்.

யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். ஏன் என்று கேட்டார். தீட்டுக்கு மலாயில் என்ன சொல்வது என்று தெரியாமல் கையை வீட்டுக்குள் காட்டினேன். எட்டிப் பார்த்தார். படுத்திருந்தவளையும், தொடாத கஞ்சியையும் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பயித்தங்காயை அள்ளிக்கொண்டு, கடைக்குப் போகாமல் வீட்டுக்கே திரும்பினார்.

மத்தியானம் வேலிக்கு மேலாக ஒரு பீங்கான் தட்டை நீட்டினார். தேங்காய்ப்பாலில் வெந்த பயித்தங்காய். ஊடே கூனி இறால் கிடந்தது. துக்க வீட்டில் கவுச்சி கூடாது. அதைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

மனைவியின் தலைமாட்டில் வைத்து, கூனியை மட்டும் பொறுக்கிவிடலாம் என்று விரலை நீட்டினேன். அதற்குள் அவள் திரும்பினாள்.

"நம்ம காயா?"

"ஆமா."

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

"முத்த விட்டுட்டீங்க."

வாயில் போட்டு மென்றாள். இன்னொன்று எடுத்தாள்.

"கூனி போட்டிருக்காங்க," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"தெரியுது."

தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டு தின்றாள். அழவில்லை. பாதி தீர்ந்ததும் தட்டை என் பக்கம் தள்ளினாள். நானும் தின்றேன். அதில் காரம் இருந்ததா, உப்பு இருந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.