ஓட்டுப் போட ஊருக்குப் போனவர்

போகிற இடங்களில் கோயில், கடற்கரை எல்லாம் பார்ப்பதைவிட, தேர்தல் தொகுதிகளின் எல்லைகளைத் தேடிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். சிரிக்காதீர்கள், எல்லோருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. கனடாவில், மொன்ட்ரியாலின் மேற்குப் புறநகரில் இல்-பிசார் தீவு அடங்கிய மாகாணத் தொகுதியைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மாகாணத் தேர்தலுக்கு முந்தைய வியாழக்கிழமை அதற்கு வாய்ப்பு வந்தது. வாய்ப்பின் பெயர் சிவம் அண்ணா.

சிவம் அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடத்துக்கு மேல் மொன்ட்ரியால் நகரின் கார்ட்டியர்வில் பகுதியில் வாடகைக்கு இருந்துவிட்டு, போன தேர்தலுக்குப் பிறகு இல்-பிசாரில் சொந்த வீடு வாங்கியவர். தேர்தல் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த அட்டையில் அவர் மனைவி ரஞ்சி அக்கா பெயர் இருந்தது, மகள் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. மனிதர் அசரவே இல்லை.

"என்ர பேர் கார்ட்டியர்வில்லில கிடக்கும் தங்கச்சி. வோட்டெண்டால் ஊருக்குப் போய்த்தானே போடுறது?"

நான் தலையாட்டிவிட்டேன். என் அப்பா சென்னையில் குடியிருந்துகொண்டு கடைசிவரை திருநெல்வேலியில் ஓட்டுப் போட்டவர். தேர்தல் வந்தால் பேருந்து நிலையம் பொங்கி வழிவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதில் என்ன தப்பு தெரியும்?

ரஞ்சி அக்காவுக்குத் தெரிந்தது. "இஞ்சாருங்கோ, பட்டியல் திருத்த இண்டைக்குத்தான் கடைசி நாள். மத்தியானத்தோட பூட்டிப்போடுவாங்கள். விட்டா இந்த முறை உங்களுக்கு வோட்டே இல்லை." அவர் குரலில் இருந்த பதற்றம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

காலை ஒன்பது மணிக்கு அண்ணாவின் காரில் கார்ட்டியர்வில் தேர்தல் அலுவலகத்துக்குக் கிளம்பினோம். தீவை விட்டு வெளியேற ஒரே பாலம்தான். அதைத் தாண்டி குவென் சாலையில் திரும்பினால் ஆறு இடது பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே கூட வருகிறது. சுமார் பதினைந்து கிலோமீட்டர். இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. நான் மடியில் பழைய தொகுதி வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு கதை சொன்னேன்.

இந்தப் பக்கமெல்லாம் வயலும் தோட்டமுமாக இருந்த காலத்தில் தீவு வேறொரு பெரிய தொகுதிக்குள் அடங்கிக் கிடந்தது. வயலில் வீடுகள் முளைத்தன, ஆட்கள் பெருகினார்கள், பெரிய தொகுதியை வெட்டிப் புதுத் தொகுதி செய்தார்கள். அதற்கு ஒரு கவிஞரின் பெயர் வைத்தார்கள். அரசியல்வாதிகள் விட்டுக்கொடுத்த அபூர்வமான இடம்! இங்கே இரண்டு பொதுத் தேர்தலுக்கு ஒருமுறை எல்லைகளை மறுபடி பார்ப்பது சட்டம்.

"அண்ணா, நீங்க இருந்த தெருவைப் பாருங்க. இந்த வரைபடத்துல ஒரு தொகுதி, அடுத்ததுல வேற தொகுதி."

அண்ணா சிவப்பு விளக்கில் நிறுத்திக் குனிந்து பார்த்தார். "ஓமோம், ஒருக்கா ஆள் மாறித்தான் நிண்டவர். நான் கட்சிதான் ஆளை மாத்திப்போட்டுது எண்டு நினைச்சன்."

கார்ட்டியர்வில் அலுவலகத்தில் இருந்த பெண்மணி பொறுமையானவர். அண்ணா தன் ஊர், தன் ஓட்டு என்று பிரெஞ்சில் நீளமாக விளக்கினார். அந்தப் பெண்மணி கேட்டது ஒரே கேள்விதான்: "நீங்கள் இரவில் எங்கே தூங்குகிறீர்கள்?" இல்-பிசார் என்றார் அண்ணா. "அப்படியானால் ஓட்டும் அங்கேதான். உங்கள் தொகுதி அலுவலகத்துக்குப் போங்கள், நேரம் இருக்கிறது."

நேரம் இருந்தது, சாலைதான் இல்லை. வழியில் தெருவைத் தோண்டி ஆரஞ்சுக் கூம்புகளை நட்டிருந்தார்கள். அண்ணா ஒரு மணி நேரத்துக்கு மேல் ஹாரனில் கை வைத்தபடியே இருந்தார். புது முகவரிக்கு ஆதாரம் வேறு வேண்டும். அவர் ஓட்டுநர் உரிமத்தில் இன்னும் பழைய முகவரி. ரஞ்சி அக்காவுக்கு போன் போட்டேன். நாங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அவர் அண்ணாவின் பெயருக்கு வந்த வங்கிக் கடிதத்தோடு தொகுதி அலுவலக வாசலிலேயே நின்றார். அண்ணாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் பெயர் ஏறியது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தீவுக்குள் பேருந்து குறைவு, கார் நல்லது. கோடையில் வந்தால் ஆற்றின் அக்கரையிலுள்ள லவாலுக்குப் படகு உண்டு, காரோடு ஏறிக்கொள்ளலாம். படகுக் கட்டணத்துக்குக் கையில் சில்லறை வைத்திருங்கள். குவென் சாலையில் அவசரமே கூடாது. தொகுதி எல்லைக்கு வேலியோ பலகையோ கிடையாது, வரைபடம் இல்லாமல் போனால் ஒன்றும் தெரியாது. வீடு மாறினால் முதல் வேலையாக அட்டைகளில் முகவரியை மாற்றுங்கள். நாம்தான் ஊரை விட்டு வந்த பிறகும் ஊரைப் பிடித்துத் தொங்குகிறோம். தொகுதிகள் அலட்டிக்கொள்ளாமல் நகர்ந்துவிடுகின்றன.

தேர்தல் நாளான திங்கள் சாயந்தரம் ரஞ்சி அக்காவை போனில் கூப்பிட்டேன். அவரும் அண்ணாவும் ஒரே காரில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"அக்கா, அன்னிக்கு ஏன் அவ்வளவு பதறினீங்க? அண்ணா உங்க கட்சியா?"

"சீ! இவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. இருபது வருசமா இவற்ர வோட்டை நான் வெட்டுறன், என்ர வோட்டை இவர் வெட்டுறார். வோட்டில்லாமல் நிண்டாரெண்டால், வீட்டில நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?"