மருந்துக் கம்பெனிச் சுவருக்கு நான் அடித்த சுண்ணாம்பு

நாகல் நகரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் யாராவது வாயைத் திறந்தால் வேலையை விட்டுவிட்டுக் கேட்பேன். ருசியாக ஒரு பேச்சு விழுந்தால் மெஷின் பக்கத்தில் கிடக்கும் நோட்டில் உடனே எழுதிக்கொள்வேன். அந்த நோட்டுகள்தான் என்னைக் கெடுத்தன என்று இப்போது தோன்றுகிறது.

நிலக்கோட்டை சாலையில் போய் ஒரு மண்பாதையில் திரும்பினால் பழைய மருந்துக் கம்பெனி வரும். கிணறு வெட்டவும் பாறை உடைக்கவும் வேட்டு வைப்பார்களே, அந்தக் கருமருந்தைச் செய்த இடம். மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. உள்ளே ஒன்றுக்கொன்று கூப்பிட்டால்கூடக் கேட்காத தூரத்தில் கொட்டகைகள். மூன்று பக்கமும் ஆள் படுக்கிற அகலத்துக்குச் சுவர். வெறுங்காட்டைப் பார்த்த நாலாவது பக்கம் மட்டும் ஒற்றைச் செங்கல். வெடித்தால் அந்தப் பக்கமாகப் போகட்டும் என்று கட்டியிருக்கிறார்கள். மருந்தில் கலக்கத் துவரைமாரை, காய்ந்த துவரைச் செடியை, சுட்டுக் கரி எடுத்த குழிகள்கூட இன்னும் தூர்ந்துபோகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகச் சுற்றிச் சுற்றி இதையெல்லாம் நானே கண்டுபிடித்தேன். பிறகு கல்லூரி வாத்தியார்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துவர ஆரம்பித்தார்கள். எட்டாம் வகுப்புக்காரன் சொல்லச் சொல்லக் கல்லூரிப் பிள்ளைகள் எழுதுவார்கள். அந்த ருசி பொல்லாதது.

வாசலை ஒட்டி ஒரு நீளச் சுவர். அதில் மூன்று வரிசையாகக் குட்டி குட்டி மாடங்கள், கை நுழைகிற அளவுக்கு. பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன், விளக்கு மாடம் என்று. யாரிடமும் கேட்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆளுக்கொரு விளக்கை ஏற்றி, இன்றைக்கும் உயிரோடு வீட்டுக்குப் போகிறோம் என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள் என்று ஒரு கதையும் கட்டினேன். அதைச் சொல்லும்போது பிள்ளைகள் கப்சிப் ஆகிவிடும். ஒன்றிரண்டு கண்ணைத் துடைக்கும்.

போன வருஷம் ஒரு பெரிய கூட்டம் வருகிறது என்றார்கள். சுவர் அசிங்கமாக இருந்தது. கரிக்கட்டையில் எழுதிய காதலர் பெயர்கள், ஒவ்வொரு மாடத்துக்கும் கீழே கோணல்மாணலாகக் கீறல்கள். இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்தேன். சுண்ணாம்பு அடித்தேன். உதிரக் கூடாதென்று அதில் வஜ்ரப் பசை காய்ச்சி நானே அளந்து ஊற்றினேன். மாடத்துக்கு ஓர் அகல் வைத்து ஏற்றிப் படம் எடுத்தோம். படம் போன் போனாகச் சுற்றியது.

ஒரு மாதம் கழித்து, அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா கடைக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, மருந்துக் கம்பெனி வெளக்குப் படம் போட்டவரு நீங்களுங்களா?"

பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தாராம். பிறந்தது இந்தப் பக்கம்தான், வாழ்க்கைப்பட்டுப் போன இடத்தில் பேச்சு மாறிவிட்டது என்று அவரே சொல்லிச் சிரித்தார். அவருடைய அம்மா அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்த இடத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டார். கடையைச் சாத்திவிட்டு, வழக்கமாக எனக்கு வரும் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன்.

ஆட்டோவில் நான் விளக்குக் கதையை ஆரம்பித்தேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"வெளக்குங்களா! கேட்டுக்குப் பக்கத்துல நெருப்பா! வாச்மேன் தோல உரிச்சிருப்பாருங்க."

"அப்ப அந்த மாடம் எதுக்கும்மா?"

"உள்ள போறப்ப ஒடம்புல பொறி கெளப்பற சாமான் ஒண்ணும் இருக்கக் கூடாதுங்க. தீப்பெட்டி, பீடி, கொண்டை ஊசி, இடுப்புச் சாவி எல்லாம் அதுக்குள்ள வச்சுப்போட்டுத்தான் போவோணும். பொம்பளைங்க கால் மெட்டியக் கழட்டி வப்பாங்க. புருசன் உசுரோட இருக்கறப்பவே கழட்டோணுமேன்னு எங்கம்மா மொத நாள் அழுதுச்சுங்க. அப்பறம் பழகிப்போச்சு."

கம்பெனியின் பழைய காவல்காரர் சாவதற்கு முன் சொன்ன ஒரு பேச்சு என் நோட்டில் இருந்தது. 'எங்கப்பனே வந்தாலும் தீப்பெட்டிய வெளிய வச்சாத்தான்டா உள்ள விடுவேன்.' அந்த 'எங்கப்பனே வந்தாலும்' நன்றாக இருக்கிறதே என்று எழுதியது. வெளியே எங்கே வைத்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

"ஒருத்தர் மெட்டி இன்னொருத்தருக்கு மாறிடக் கூடாதுன்னு அவங்கவங்க மாடத்துக்குக் கீழ கல்லால ஒரு குறி கீறி வச்சுக்குவாங்க. எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாதுங்க. போட்டோவும் ஒண்ணும் எடுக்கல. அது கையால இந்த ஒலகத்துல போட்டது அந்தக் குறி ஒண்ணுதானுங்க. கோழிக்கால் மாதிரி மூணு கோடு, அடியில ஒரு சுழி. சின்னப் புள்ளையில நான் அதத் தடவிக்கிட்டே அம்மா வெளிய வர்ற வரைக்கும் உக்காந்திருப்பேன். ஒருக்காப் பாத்துப்போடலாம்னு வந்தனுங்க."

அப்போதே வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நிறுத்தவில்லை. எப்போதும் ஓயாத வாய் மீதி இரண்டு மைலும் ஒட்டிக்கொண்டது.

சுவர் வெள்ளை வெளேரென்று நின்றது. அந்த அம்மா கிட்டே போனார். கீழ் வரிசையில் ஒரு மாடத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தடவினார். பக்கத்து மாடத்தைத் தடவினார். அதற்கடுத்ததையும் தடவினார்.

"ஆரு சுண்ணாம்படிச்சது?"

"யாரோ ஊர்க்காரங்க அடிச்சுட்டாங்கம்மா" என்றேன்.

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அடித்ததுகூட அறியாமல் செய்தது. இது அறிந்து சொன்னது.

அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "போகட்டும் விடுங்க தம்பி. சுத்தமா இருக்கட்டும்னு அடிச்சிருப்பாங்க. அவங்களுக்கு என்னங்க தெரியும்?"

பின்னால் ஆட்டோக்காரர் பாக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே வந்து நின்றார். வெள்ளந்தி மனுஷன்.

"ஏண்ணே, நீங்கதானே அடிச்சீக? சுண்ணாம்பு மூட்டைய என் வண்டியிலதானே ஏத்துனீக? சீட்டுக் கறை இன்னும் போகலண்ணே. வேணும்னா வந்து பாருங்க."

ஆட்டோக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். எதையோ உடைத்துவிட்டோம் என்று புரிந்து, மெல்ல வண்டிப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

"சுரண்டுனா வருமுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா. என்னை அவர் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைச்சாவியால் சுரண்டினேன். சுண்ணாம்பு பொடிப்பொடியாக வந்தது. கூடவே பழைய காரையும் வந்தது. அடியில் இரும்பு பிரஷ் இழுத்த தடம் மட்டும் வரிவரியாகத் தெரிந்தது.

"சுண்ணாம்புக்கு முன்னாடி பிரஷ் போட்டேம்மா" என்றேன்.

"அம்புட்டும் போச்சா" என்றார். அவர் பிறந்த ஊர்ப் பேச்சு அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் திரும்பி வந்திருந்தது. அதையும் கவனித்தேன். அந்த நேரத்திலும் என் காது அதைத்தான் கவனித்தது.

பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன். "அம்மா, அந்தக் குறிய இதுல வரைஞ்சு குடுத்தீங்கன்னா..."

பேனாவை வாங்கினார். முனையைத் தாளில் ஊன்றினார். பிறகு மூடி போட்டுத் திருப்பித் தந்தார்.

"அது எங்கம்மா போட்டதுங்க. நான் போட்டா என்னுதாயிருமுங்க."

திரும்பி வரும் வழியில் மன்னிப்பு கேட்டேன். கேட்டதோடு நிறுத்தாமல், ஏன் அப்படிச் சொன்னேன், என்ன நினைத்தேன் என்று விளக்கிக்கொண்டே போனேன். அவர் வெளியே பார்த்தபடி சொன்னார்:

"நீங்க நல்லாப் பேசறீங்க தம்பி. சித்த நேரம் பேசாம வாங்க."

பஸ் ஸ்டாண்டில் காபி வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, குடிக்கவும் இல்லை. பஸ் கிளம்பியதும் ஜன்னல் வழியாக, பழக்கத்தில், "வாரனுங்க" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு கூட்டம் வந்துவிட்டது. முதல் கூட்டத்திடம் நடந்ததைச் சொன்னேன். இரண்டாவது கூட்டத்தில் பெரிய ஆட்கள் இருந்தார்கள். மாடம் எதற்கு என்று சரியாகச் சொன்னேன். குறிகளைப் பற்றியும் சொன்னேன். அவை எங்கே என்று ஒருவர் கேட்டபோது, "காலப்போக்கில் அழிந்துவிட்டன" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வாயை நம்ப முடியாது என்றுதான் இப்போது எழுத உட்கார்ந்தேன்.

நோட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. பேனா முனை பட்ட ஒரு புள்ளி மட்டும் உண்டு. இந்த ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் பெய்து ஓய்ந்த பிறகு சுவரைப் போய்ப் பார்த்தேன். நான் சுரண்டிய இடம் தவிரச் சுண்ணாம்பு கொஞ்சமும் உதிரவில்லை. வஜ்ரம் சரியான அளவில்தான் விழுந்திருக்கிறது.