எட்டுப் பேர் தவறவிட்ட கோச்சி

மருந்துக்கடையில் நின்று இருபத்துநாலு வருஷமாக டொக்டர்மாரின் கையெழுத்தை வாசிக்கிறவன் நான். அதையே வாசிக்கிறவனுக்குப் பிரெஞ்சு என்ன பெரிய விஷயம் என்ற திமிரோடுதான், வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் மேல்மாடி வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். உண்மையைச் சொன்னால் நான் சேரவில்லை, மனிசி சேர்த்துவிட்டாள். அவள் களுபோவில ஆஸ்பத்திரியில் தாதி. கனடாவில் மொன்றியலுக்குப் போக விண்ணப்பம் போட்டிருந்தாள். வேலைக்குப் போகவர பஸ்ஸில் காதுக்குள் வயரை மாட்டிக்கொண்டு பிரெஞ்சு படித்து, முதல் தரத்திலேயே சோதனையில் தேறிவிட்டாள். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லித்தான் மருந்து கொடுத்தேன்.

ஆனால் விண்ணப்பத்துக்கு வேண்டிய புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது கொஞ்சம் இடித்தது. புருஷனும் தேறினால் சரிவரும். தேறாவிட்டால் விண்ணப்பக் கோவையைக் கட்டி அலுமாரிக்கு மேலே போடவேண்டியதுதான். அவளுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. வயது ஏற ஏறப் புள்ளி இறங்குமாம். ஆகமொத்தம் அவளுடைய ஆசை முழுவதும் என் நாக்கில் வந்து குந்திக்கொண்டது. அந்த நாக்கு அதுவரை பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்கவைப்பதற்கு மட்டுமே பயன்பட்ட சாமான்.

வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். படிப்பித்தது கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு பிள்ளை. எனக்கு மகளாயிருக்கிற வயது. நான் அவளை மிஸ் என்பேன், அவள் என்னை அங்கிள் என்பாள். அந்த அங்கிளில் மரியாதை இருந்தது, இரக்கம் இருக்கவில்லை. கடற்கரையோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது சத்தத்துக்கு அவள் வாயை மூடிக்கொண்டு நிற்பாள். என் பிழைகளைக் கேட்கும்போதும் அப்படியேதான் நிற்பாள்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. பிந்தி வருகிறவர் வாசலில் நின்று, பிந்திய காரணத்தைப் பிரெஞ்சில் சொன்னால்தான் உள்ளே வரலாம். வகுப்புக்கு மூன்று நிமிஷ நடை தூரத்தில் இருந்தவன் நான். நாள் தவறாமல் பிந்தியவனும் நான்.

ஒரு சனிக்கிழமை அவள் பலகையில் நடுவே கோடு கிழித்தாள். "இன்டைக்குப் படிக்கப் போறது நடக்காத விஷயம். நடந்திருக்கும், ஆனா என்னமோ ஒண்டு குறுக்க வந்திட்டுது. தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன், அந்த மாதிரி."

கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு துணைவினை, வலப்பக்கம் செய்துமுடித்த வினை. துணைவினைகள் இரண்டு உண்டு. பெரும்பாலான வினைகள் முதலாவதோடு கூட்டுச் சேரும்: 'ஜொறே வூலு', விரும்பியிருப்பேன். போறது, வாறது, பிறக்கிறது, சாகிறது என்று கொஞ்சம் மட்டும் இரண்டாவதோடு போகும்: 'ஜ ஸெறே வெனூ', வந்திருப்பேன். குறுக்கே வந்த சங்கதியை, எங்கள் 'ஆல்' மாதிரி, 'ஸி' போட்டு முன்னாலே வைக்கவேண்டும். அவ்வளவுதான்.

எனக்குப் பக்கத்தில் இருந்த புடவைக்கடை அன்ரி பென்சிலைக் கீழே வைத்தா. "இது எங்கட சனம் ஒவ்வொரு நாளும் கதைக்கிறதெல்லே? காட் தந்திருந்தா கலியாணத்துக்கு வந்திருப்பம். போன் பண்ணியிருந்தா சமைச்சு வச்சிருப்பன்."

"சொல்லியிருந்தா ஸ்டேஷனுக்கு வந்து நிண்டிருப்பன்," என்றேன் நான்.

"நீங்க நிண்டிருக்க மாட்டீங்க அங்கிள்," என்றாள் மிஸ்.

மற்றப் பாடங்களில் தடக்கி விழுந்த நான் இதில் ஓடத் தொடங்கினேன். காரணம் எளிது. ஆறு மாதமாக வாசலில் நின்று சாட்டுச் சொல்லிச் சொல்லி என் வாய் பழகியிருந்தது. மழை பெய்யாமல் இருந்திருந்தால் வந்திருப்பேன். மனிசி எழுப்பியிருந்தால் எழும்பியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கிலேயே காலம் கழித்தவனைப் பார்த்து ஒருநாள் மிஸ், "இதில அங்கிள்தான் ஃபர்ஸ்ட்," என்று சொன்னாள். அன்றைக்கு எழுதிய கொப்பியை இன்னும் வைத்திருக்கிறேன்.

தலை கனத்துவிட்டால் மனிசன் சும்மா இருப்பானா? எங்களில் ஒருவர் முந்திய தவணையிலேயே சோதனைக்குப் போய் வந்திருந்தார். வாய்மொழிச் சோதனையில் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்கிறார்களாம்: வேறுமாதிரி நடந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். கேள்வி தெரிந்தால் விடையைப் பாடமாக்குவது எங்கள் ஆட்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். "பாடமாக்காதீங்க, பாதியில மறந்தா நடுத்தெருவில நிப்பீங்க," என்று மிஸ் படித்துப் படித்துச் சொன்னாள். நாங்கள் அவளில்லாத ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினோம்.

விடையை எழுதும் பொறுப்பு எனக்கு. நானும் பெரிய எழுத்தாளன் மாதிரி இரண்டு நாள் இருந்து எழுதினேன். தெற்கே காலியில் சிநேகிதனின் கலியாணம். நான் பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்று கோச்சியைத் தவறவிடுகிறேன். தேத்தண்ணி குடிக்காமல் இருந்திருந்தால் கோச்சி பிடித்திருப்பேன், தாலி கட்டுகிறதைப் பார்த்திருப்பேன், சிநேகிதன் கோபித்திருக்க மாட்டான். புடவைக்கடை அன்ரி அழுகிற முகம் அனுப்பினா. "வாசிக்கக் கவலையாக் கிடக்கு தம்பி." என் வாழ்க்கையில் நான் எழுதி ஆட்கள் பாடமாக்கிய ஒரே படைப்பு அதுதான்.

சோதனை நாளன்று நாங்கள் எட்டுப் பேர் போனோம். பெயர் வரிசையில் நான் கடைசி. ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்கள். "கோச்சி ஓடிச்சு," என்று அன்ரி என் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனா. ஏழு பேருக்கும் என் கோச்சி ஓடியதில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

உள்ளே நரைத்த தலைமுடியோடு ஒரு பிரெஞ்சுக்கார அம்மா இருந்தா. கேள்வியைக் கேட்டா. நான் தொண்டையைச் செருமி, "என் சிநேகிதனின் கலியாணம்..." என்று தொடங்கினேன்.

அம்மா பேனையை மெதுவாக மேசையில் வைத்தா. "காலியிலா?" என்று பிரெஞ்சில் கேட்டா.

"ஓம்."

"பம்பலப்பிட்டி ஸ்டேஷன். தேத்தண்ணி."

நான் தலையை ஆட்டினேன்.

"காலையிலிருந்து ஏழு பேர் இந்தக் கலியாணத்துக்குப் போகவில்லை. அந்த மாப்பிள்ளையை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. உங்களுக்கு நடந்தது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்."

என் விடை என்னிடம் வந்து சேர்வதற்குள் கிழிந்து பழசாகிவிட்டது. மிஸ் சொன்ன நடுத்தெருவில் நின்றேன். மனிசியின் கோவையும் அலுமாரியின் உச்சியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. கூடவே, பதினொரு வருஷமாக நான் எடுத்துப் பாராத ஒரு பின்னேரமும் வந்தது.

அன்றைக்கு மனிசிக்கு இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்குக் கடிதம் வந்திருந்தது. வீட்டில் என் சிநேகிதர் மூன்று பேர் இருந்தார்கள். அவள் கடிதத்தோடு வந்து நின்றாள். முகம் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் வாசித்துவிட்டு, "நீர் போனா எனக்கு ஆர் இடியப்பம் அவிக்கிறது?" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கடிதத்தை நான்காக மடித்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் விட்ட பகிடிகளிலேயே நன்றாக எடுபட்ட பகிடி அது.

அதைத்தான் பிரெஞ்சுக்கார அம்மாவுக்குச் சொன்னேன். பாடமாக்காதபடியால் வசனங்கள் நொண்டின. நான் பகிடி விடாமல் இருந்திருந்தால் அவள் போயிருப்பாள். பெரிய தாதியாக வந்திருப்பாள். நான் இடியப்பம் அவிக்கப் பழகியிருப்பேன். இடியப்பத்துக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியாமல் கையால் பிழிந்து காட்டினேன்.

"தெரியும்," என்றா அம்மா. "ஒவ்வொரு நாள் காலையும் சாப்பிடுகிறேன்." பிறகு கடதாசியில் ஏதோ எழுதினா.

மனிசியிடம் உண்மையைச் சொல்லவில்லை. "என்னத்தைக் கதைச்சனீங்கள்?" என்று கேட்டாள். "கோச்சிதான்," என்றுவிட்டேன்.

மூன்று கிழமை கழித்து முடிவு ஈமெயிலில் வந்தது. அவள்தான் திறந்தாள். நான் குசினி வாசலில், வகுப்புக்குப் பிந்தி வந்தவன் மாதிரி நின்றேன். தேறிவிட்டேன். அதுமட்டுமில்லை, வாய்மொழியில் அவளைவிட எனக்கு ஒரு புள்ளி கூட. அவள் எழும்பிக் கையைத் தட்டினாள். எனக்கு அப்போது நிலத்தில் கால் படவில்லை. பிறகு அவள் திரையைத் திரும்பவும் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, கோச்சிக்கே இவ்வளவு மார்க்ஸ் போட்டவை?"

இனி ஒளிக்கேலாது. வெட்கத்தில் அதைப் பிரெஞ்சிலேயே சொல்லிப் பார்த்தேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"இதைத் தமிழிலை சொல்லத் தெரியாதோ?"

"நான் அண்டைக்கு அந்தப் பகிடி விட்டிருக்கக் கூடாது. நீர் போயிருக்கவேணும்."

"ஓம்," என்றாள். "போயிருக்கவேணும்." பிறகு இடியப்ப உரலை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். "சோதனையிலை சொன்னதைச் செய்து காட்டுங்கோ. அங்கை எனக்கு ட்யூட்டி முடிஞ்சு வரேக்கை ஆரோ அவிச்சு வைக்கவேணும்."

மாவுக்குச் சுடுதண்ணி கூடிப்போய், தட்டில் விழுந்தது குருவிக்கூடா இடியப்பமா என்று தெரியாத ஒரு சாமான். அவள் அதில் நான்கு எண்ணிச் சாப்பிட்டாள். ஒரு பிழையும் சொல்லவில்லை. தட்டைப் படமெடுத்து, "நான் பாஸ், இது நான் அவிச்சது" என்று குழுவில் போட்டேன். எட்டுப் பேரில் ஆறு பேர் தேறியிருந்தோம். எல்லாரும் ஒரே குதியாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பதில் புடவைக்கடை அன்ரியிடமிருந்து வந்தது.

"முந்தியே சொல்லியிருந்தா சம்பலோடை வந்திருப்பனே தம்பி."