காலிமுகத்திடலில் ஓடிய தேசம்மா

குவைத்தில் இருவரும் ஒரே வீட்டில் சமையல் வேலை பார்த்த காலத்திலிருந்தே, "எங்கட கொழும்பை ஒருக்கா வந்து பார்" என்று ரூபவதி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுச் சொந்த ஊரான வடமாலபேட்டைக்குத் திரும்பிய தேசம்மா, ஒருவழியாகச் சென்னையில் விமானம் ஏறிவிட்டாள்.

போன அன்றைக்கே ரூபவதி அவளைச் சிங்களப் படத்துக்கு அழைத்துப்போனாள். தேசம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் கதாநாயகி முந்தானை பறக்கக் கடலோரம் ஓடியபோது, மெய்மறந்து எழுந்தே நின்றுவிட்டாள். பின்வரிசைக்காரர்கள் கத்தினார்கள்.

"இந்த எடம் எங்கடீ கீது?"

"காலிமுகத்திடல். பஸ்ஸில போனா கிட்டத்தான். நீ முதல்ல உட்காரு!"

மறுநாள் சாயங்காலம் அங்கே போய் இறங்கியதும், தேசம்மா செருப்பைக் கழற்றித் தோழியிடம் கொடுத்தாள்.

"நானும் ஓடப்போறேன்டீ."

"உனக்குப் பேத்தி இருக்கு!"

"அவ ஊர்ல கீறா. இங்க என்னை எவன் கண்டான்?"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பட்டம் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கூச்சலிட்டபடி பின்னால் ஓடினார்கள். இறால் வடைக்காரர் கரண்டியால் சட்டியில் தாளம் போட்டார். மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால், இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் பிடித்தபடி ரூபவதியும் ஓடிவந்துகொண்டிருந்தாள்.