ராசாவுடன் காங்கேசன்துறை, வளலாய்: ஏழு நாள் திட்டம், மூன்று நாள் பயணம்

நாகப்பட்டினத்தில் மினி லாரி ஓட்டுகிற எனக்கு, தார் போட்ட ரோட்டில் தெரியாத ரோடே கிடையாது. படிப்பு எட்டாவது. ராசா பக்கத்தில் இருந்தால் "ஆறாவது" என்று திருத்துவான். அவனுக்கு அதுதான் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் என் வண்டியில் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, நான் நூறு என்றால் பத்து என்றும், நான் புலி என்றால் நாய் என்றும் சொல்லிக்கொண்டே வந்தவன். முழுப்பெயர் தவராசா. யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த காலத்தில் படகேறி அகதியாக வந்தவன்.

போன வருஷம் அவன் சம்சாரம் செல்வி தவறிப் போச்சு. பிள்ளை குட்டி இல்லை. அதிலிருந்து "ஒருதடவை ஊரப் பாத்துட்டு வந்துடறேன் அண்ணே" என்று ஆரம்பித்தான். அனுமதி வாங்க நாங்கள் அலைந்த அலைச்சலை எழுதினால் அதுவே தனி புத்தகம். அவன் வெளியே போனால் திரும்ப வருவதற்கு விசா எடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்கள். "விசா என்ன பெரிய விசா, நான் ஒரு போன் போட்டா தானா வரும்" என்றேன். ஏழு நாளில் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் போக வர டிக்கெட் எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மாசி மாதம் கிளம்பினோம்.

நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் நாலு மணி நேரம். தினமும் கிடையாது, விசாரித்துக்கொண்டு போங்கள். நடுக்கடலில் அலை பனைமர உயரத்துக்கு எழும்பியது. "முழங்கால் உயரம்" என்றான் ராசா. கப்பலில் பாதிப் பேர் மயக்கம். "ரெண்டு பேர். அதுல ஒண்ணு நீங்க."

காங்கேசன்துறையில் அதிகாரி என்னிடம் "எத்தினை நாள் நிப்பியள்?" என்று கேட்டார். ஏழு என்றேன். ராசாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், முத்திரை குத்தினார், அவனிடம் எத்தனை நாள் என்று கேட்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு வந்தான்.

காரை நானே ஓட்டலாம் என்றுதான் போனேன். அதற்குத் தனி பெர்மிட் வேண்டுமாம். ஆகவே டிரைவரோடு சேர்த்து ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம், இலங்கை ரூபாய், பெட்ரோல் உள்பட. டிரைவர் பெயர் ரூபன், நாற்பது வயது, நல்ல பையன். ஆனால் அவன் ஓட்டும் வேகத்தில் எங்கள் ஊரில் பிணம்கூடப் போகாது. சொன்னேன். "அண்ணை, சந்திக்குச் சந்தி பொலிஸ் நிக்கிறாங்கள். நீங்கள் தெண்டம் கட்டுவியளோ?" என்று கேட்டான். ராசா சிரித்தான். அந்தப் பயணத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்தது அப்போது மட்டும்தான்.

யாழ்ப்பாணம் டவுனுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். ரூம் எடுத்துக் குளித்ததும் "உன் ஊருக்குப் போவோமா?" என்றேன். அவன் ஊர் வளலாய், அச்சுவேலிக்கு வடக்கே கடலை ஒட்டி. "நாளைக்குப் பார்ப்பம்" என்றான். இந்தப் "பார்ப்பம்" அவன் வாயில் நான் கேட்டதே இல்லை. எங்களோடு இருந்த வரைக்கும் "பார்ப்போம்"தான். கப்பலை விட்டு இறங்கியதும் பேச்சு மாற ஆரம்பித்துவிட்டது.

இரண்டாம் நாளும் அதே "நாளைக்குப் பார்ப்பம்"தான். அதனால் நெல்லியடி வழியாகப் பருத்தித்துறை போனோம், முப்பத்து மூன்று கிலோமீட்டர். அங்கே தட்டை மாதிரி மெல்லிசாக ஒரு வடை விற்பார்கள், ஒரு மாதம் வைத்தாலும் கெடாது. நான் ஐம்பது தின்றேன். "பன்னிரண்டு" என்று ரூபனிடம் சொன்னான் ராசா. சாயங்காலம் கொழும்புத்துறைக் கரையில் உட்கார்ந்தோம். மீன்காரர்கள் வள்ளத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். களப்பு என்கிற அந்த உப்பங்கழியில் தண்ணீர் அசையவே இல்லை. ஊருக்குப் போகப் பயப்படுகிறான், இனி என்னோடு வந்துவிடுவான் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் நான் கேட்காமலே முன் சீட்டில் ஏறி, "வளலாய்க்கு விடும் தம்பி" என்றான்.

அந்தப் பக்கமெல்லாம் பல வருஷம் ராணுவத்தின் கையில் இருந்த நிலம். விட்டுக் கொடுத்த பிறகு சிலர் வந்து குடியேறியிருக்கிறார்கள். செம்மண் தோட்டங்களில் வெங்காயம், நடுநடுவே கூரை இல்லாத வீடுகள். ராசா வீட்டில் இரண்டு சுவரும், சமையல்கட்டு இருந்த இடத்தில் ஒரு எருக்கஞ்செடியும் மிச்சம். அவன் அங்கே நிற்கவேயில்லை. நேரே பின்னால் இருந்த கிணற்றுக்குப் போனான்.

கிணற்றடியில் கோவணத்துணி கட்டிய ஒரு பெரியவர் களைக்கொட்டைத் தீட்டிக்கொண்டிருந்தார். "ஆர் நீங்கள்?" என்றார்.

"நான் தவம். கந்தையாவின்ரை மோன்." எங்களுக்கு ராசா, அங்கே தவம்.

பெரியவர் எழுந்தார். "கந்தையாண்ணையின்ரை மோனோ? நீ செத்துப்போனாய் எண்டெல்லோ சொன்னவங்கள்."

"இல்லை கனகண்ணை. நாகப்பட்டினத்திலை இருந்தனான்."

"ரெண்டும் ஒண்டுதானே."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊருக்கு என்ன குறைச்சல் என்று ஆரம்பித்தேன். "உவர் ஆர்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். "என்ரை அண்ணை" என்றான் ராசா. ஊர்ப் பெருமையை அதோடு விட்டுவிட்டேன்.

கனகு அண்ணையின் வெங்காயம் தளதளவென்று நின்றது. ஆனால் மோட்டார் ஓடவில்லை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. ராசா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இண்டைக்கு இறைக்கேல்லையோ?" என்றான்.

"இண்டைக்கு எப்பிடி இறைக்கிறது? இண்டைக்கு உங்கடை முறையெல்லோ."

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே ஒரு கிணறு பல குடும்பத்துக்குப் பங்கு. இந்தக் கிணற்றுக்கு நாலு பங்கு. நாளுக்கு ஒரு குடும்பம் இறைக்கும், ஐந்தாம் நாள் திரும்ப முதல் ஆள். மூன்று குடும்பம் திரும்பி வந்து பயிர் வைத்திருக்கிறது. நாலாவது ராசா குடும்பம். அந்த நாளில் யாரும் மோட்டாரைத் தொடுவதில்லை.

"முப்பது வருஷமா சும்மாவா விட்டீங்க?" என்றேன்.

"நிலம் விட்டே ஏழு வருசம்தான் அண்ணே" என்றான் ராசா, கிணற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரி, ஏழு வருஷம். ஆள் செத்துட்டான்னு வேற நினைச்சிருக்கீங்க. எடுத்துக்க வேண்டியதுதானே?"

"ஆரோ ஒருத்தன்ரை தண்ணியை நான் ஏன் எடுக்கிறது?" என்றார் கனகு அண்ணை. உடனே, ஏதோ அதிகமாகச் சொல்லிவிட்டவர் போல, "கிணறும் ஒருநாள் ஊற வேணும்தானே" என்று களைக்கொட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு ராசாவிடம், "மோட்டர் கிடக்கு. ஆசையெண்டால் போடு. என்ரை பக்கம் விட்டிடாதை, எனக்கு நாளைக்குத்தான்."

ராசா செருப்பைக் கழற்றினான். வேட்டியை மடித்துக் கட்டினான். மோட்டாரைப் போட்டு, மண்வெட்டியால் வாய்க்காலைத் தன் நிலத்துக்குத் திருப்பினான். அங்கே ஒரு செடி கிடையாது. முள்ளும் கல்லும்தான். அந்த வெறும் மண்ணுக்கு அவன் தண்ணீர் பாய்ச்சினான். தண்ணீர் ஓடி ஓடி ஒவ்வொரு இடமாக இருண்டது. ரூபன் காரை விட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றான். ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம் "திரும்ப வர்றியா" என்று நான் எதற்குக் கேட்கப் போகிறேன்? அவன்தான் சொன்னான்: "நாலு நாளைக்கு ஒருக்கால் முறை வருது அண்ணே. ஆர் இறைக்கிறது?"

திருகோணமலை, மட்டக்களப்பு என்று போட்டிருந்த திட்டம் அதோடு சரி. அடுத்த கப்பலுக்குத் துறைமுகம் வரைக்கும் ராசாவும் வந்தான். காலில் செம்மண் போகவில்லை. "நீ வரலைன்னா இந்தக் கடலே வத்திப் போயிடும்டா" என்றேன்.

"வத்தாது அண்ணை" என்றான்.

திரும்பும்போது பக்கத்து சீட்டு காலி. அதற்கு அடுத்த சீட்டில் ஒரு காரைக்கால் ஆள், கடல் எப்படி என்று கேட்டார். வரும்போது அலை பனைமர உயரம் என்றேன். சொல்லிவிட்டு நிறுத்திக் காத்திருந்தேன். "அப்படியா!" என்று அவர் நம்பிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: டவுனில் தங்குங்கள், காரை டிரைவரோடு எடுங்கள், வடையை அளவாகத் தின்னுங்கள். தோட்டத்துப் பக்கம் போனால், ஓடாத மோட்டாரைப் பார்த்து ரிப்பேரா என்று கேட்காதீர்கள். இந்தக் கட்டுரையில் மூன்றாம் நாள் வரை உள்ள கணக்கெல்லாம் ராசா பார்த்தது, நம்பிப் போகலாம். அதற்குப் பிறகு நான் எங்கே எதை எழுதினாலும் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். திருத்த ஆள் இல்லை.